ஹெட் அசையவில்லை, ஆவி வளர்ந்துகொண்டிருந்தது: ஒரு பம்ப் கேவிட்டேஷன் கணிப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரில் உள்ள நடுத்தர அளவிலான ஒரு பம்ப் தொழிற்சாலையில், புதிதாக வடிவமைத்த மையவிலக்கு பம்ப் ஒன்றுக்குக் கணினி தந்த கேவிட்டேஷன் (பம்புக்குள் தண்ணீர் ஆவியாகிக் குமிழ்விடுவது) அளவும் சோதனைக் கூடம் தந்த அளவும் ஒத்துப்போகவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க வெளியிலிருந்து அழைக்கப்பட்டவன் நான். நிறுவனம், வாடிக்கையாளர், பணியாற்றியவர்கள் ஆகியோரின் பெயர்களை நீக்கிவிட்டு, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பம்ப் சாதாரணமானதுதான். ஒற்றை இம்பெல்லர் (சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), அதில் ஆறு பிளேடுகள், உறிஞ்சு வாய் 100 மி.மீ., வெளியேற்று வாய் 65 மி.மீ. நிமிடத்துக்கு 2900 சுற்றில் மணிக்கு 100 கன மீட்டர் தண்ணீரை 32 மீட்டர் ஹெட்டில், அதாவது அத்தனை மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் அழுத்தத்தில், தள்ள வேண்டும். வாடிக்கையாளரின் தளத்தில் தண்ணீர் நிலத்தடித் தொட்டியில் இருக்கிறது. பம்ப் மேலே இருக்கிறது. ஆகவே உறிஞ்சும் திறன்தான் அந்த ஆர்டரின் உயிர்நாடி.

பம்பின் வாய்க்கு வரும் தண்ணீரின் மொத்த அழுத்தம், அந்த வெப்பநிலையில் தண்ணீர் ஆவியாகும் அழுத்தத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மீட்டரில் சொல்வதுதான் என்.பி.எஸ்.எச். இந்தக் கூடுதல் குறையக் குறைய, பிளேடுகளின் நுழைவு விளிம்பை ஒட்டித் தண்ணீர் ஆவியாகிக் குமிழ்கள் உருவாகின்றன. அழுத்தம் மிகுந்த இடத்துக்குப் போனதும் அவை நொறுங்குகின்றன. குமிழ்கள் பெருகி ஹெட் 3 சதவீதம் விழும் இடத்தையே பம்புக்குத் 'தேவையான' என்.பி.எஸ்.எச். என்று சோதனை நடைமுறைகள் கொள்கின்றன. அந்த இடத்தில் கேவிட்டேஷன் தொடங்குவதில்லை, தொடங்கி, முற்றிப்போயிருக்கும். பட்டியலில் அச்சான எண்ணைப் பாதுகாப்பு எல்லையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் பலரிடம் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தேவையான என்.பி.எஸ்.எச்.-க்கு வடிவமைப்புப் பிரிவின் கணினிக் கணிப்பு 2.9 மீட்டர். அதன்மேல் 0.3 சேர்த்து, 3.2 மீட்டர் என்று வாடிக்கையாளருக்கு உறுதி தரப்பட்டிருந்தது.

சோதனைக் கூடத்தில் கண்டது

சோதனை ஐ.எஸ்.ஓ. 9906 நடைமுறைப்படி நடந்தது. உறிஞ்சு குழாயில் உள்ள வால்வைச் சிறிது சிறிதாக மூடுவார்கள். ஓட்டம் குறையப் பார்க்கும்போது வெளியேற்று வால்வைத் திறந்து 100 கன மீட்டரிலேயே நிறுத்துவார்கள். ஒவ்வொரு நிலையிலும் ஹெட்டைக் குறித்துக்கொள்வார்கள். 32 மீட்டரில் 3 சதவீதம் என்றால் ஏறத்தாழ 0.96 மீட்டர். ஹெட் 31.04-க்கு இறங்கியபோது என்.பி.எஸ்.எச். 3.6 மீட்டராக இருந்தது. கணிப்பைவிட 0.7 மீட்டர் அதிகம். கொடுத்த உறுதியைவிட 0.4 மீட்டர் அதிகம்.

எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அன்று ஃபோர்மேன் செய்த ஒன்று. நீளமான ஸ்குரூடிரைவரின் முனையைக் கேசிங்கின் (பம்பின் வெளிக்கூட்டின்) உறிஞ்சு பக்கத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, வால்வு மூட மூடக் கேட்டுக்கொண்டே இருந்தார். கணிப்பைச் செய்த இளம் பொறியாளர் பக்கத்தில் நின்றார். "அம்மணி, இது இப்போது தொடங்கியதல்ல. ஆறு மீட்டரிலேயே கூழாங்கல் உருள ஆரம்பித்துவிட்டது. இப்போது சத்தம் கொஞ்சம் அமுங்கியே இருக்கிறது" என்றார். ஹெட் விழும் நிலைக்கு அருகே சத்தம் அமுங்குவது உண்மைதான். ஆவி மிகுந்துவிட்டால் அதுவே மெத்தைபோல அதிர்வை வாங்கிக்கொள்கிறது. அவர் சொன்ன 'ஆறு மீட்டர்' சோதனைத் தாளில் எங்கும் பதிவாகவில்லை. அதைக் குறித்துக்கொள்ள அந்தத் தாளில் கட்டமே இல்லை.

முதலில் எழுந்த சந்தேகங்கள்

கணிப்பும் சோதனையும் முரண்பட்டால் ஒவ்வொரு பிரிவும் மற்றதைச் சந்தேகிக்கும், இங்கேயும் அப்படியே. சோதனையின் மேல் எழுந்த சந்தேகம் நியாயமானது. பாதி மூடிய வால்வைத் தாண்டும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று பிரிந்து வந்து பம்புக்குள் போகலாம். ஓட்டம் சுழலவும் செய்யலாம். உறிஞ்சு குழாயில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, ஒளி ஊடுருவும் அக்ரிலிக் குழாய் பொருத்தினார்கள். வால்வு முக்கால்வாசி மூடிய நிலையில் மெல்லிய குமிழ்ச் சரம் ஒன்று குழாயின் மேல்புறமாக ஊர்ந்து போவது தெரிந்தது. வால்வைத் தொட்டிப் பக்கம் தள்ளி, நேர்குழாயின் நீளத்தைக் கூட்டிச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். குமிழ்ச் சரம் ஏறக்குறைய மறைந்தது. விடை மட்டும் பெரிதாக மாறாமல் 3.6-ஐ ஒட்டியே நின்றது. சோதனை சரி.

கணிப்பின் பக்கத்தில் முதலில் பார்த்தது அழுத்தத்தின் அடிப்படை. ஆவி அழுத்தம் முழு அழுத்தமாக, அதாவது வெற்றிடத்திலிருந்து அளந்ததாக, கொடுக்கப்படுவது. 25 டிகிரியில் 3,169 பாஸ்கல். களத்தின், அதாவது கணினியில் கணக்கிடப்படும் நீர்ப்பகுதியின், அழுத்தமோ பல மென்பொருள்களில் ஒரு குறிப்பு அழுத்தத்துக்கு மேலான அளவாக இருக்கும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டவர்களைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இங்கே அந்தக் குழப்பம் இல்லை.

அடுத்து முதன்மை வடிவமைப்பாளர் ஒரு தாளில் போட்ட கணக்கு. சுற்றுவேகத்தை, விநாடிக்குக் கன மீட்டரில் எழுதிய ஓட்டத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, என்.பி.எஸ்.எச்.-இன் முக்கால் அடுக்கால் வகுத்தால் உறிஞ்சு தன்வேகம் கிடைக்கும். 2.9 மீட்டருக்கு அது 217, 3.6 மீட்டருக்கு 185. இந்த வகைப் பம்புகளுக்கு 160 முதல் 220 வரை வழக்கம். "முதல் முயற்சியிலேயே உச்சியைத் தொட்டுவிட்டோமா?" என்று அவர் கேட்டார். இரண்டு நிமிடக் கணக்கு. உறுதி கொடுப்பதற்கு முன் இதைப் போட்டுப் பார்த்திருந்தால் 2.9-ஐ அப்போதே யாராவது சந்தேகித்திருப்பார்கள்.

பழைய கணினி ஓட்டம் எப்படி அமைந்திருந்தது

மாதிரியில் குறை சொல்ல அதிகமில்லை. பிளேடுகளுக்கு இடையே உள்ள ஆறு கால்வாய்களும் கொண்ட முழு இம்பெல்லர், அதைச் சுற்றிய சுருள் வடிவக் கூடான வால்யூட், போதிய நீள உறிஞ்சு குழாய். சுமார் 40 லட்சம் கட்டங்கள் கொண்ட மெஷ் (கணக்குக்காக நீர்ப்பகுதியைப் பிரிக்கும் வலை). கொந்தளிப்புக்குக் கே-ஒமேகா எஸ்.எஸ்.டி. மாதிரி, கேவிட்டேஷனுக்கு ஸ்வார்ட் மாதிரி. உள்வாயில் மொத்த அழுத்தமும் வெளிவாயில் ஓட்டமும் நிபந்தனைகள். முதலில் ஆவி இல்லாமல் தண்ணீரை மட்டும் ஓட்டி நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு கேவிட்டேஷனைத் திறந்து, உள்வாய் அழுத்தத்தைப் படிப்படியாக இறக்குவது. எல்லாம் முறையானவை.

படிகளை இறக்கும் வேலையை ஒரு ஸ்கிரிப்ட் செய்தது. ரெசிடுவல் (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழை) பத்தாயிரத்தில் ஒன்றுக்குக் கீழே போனாலோ 400 கணக்குச் சுழற்சிகள் முடிந்தாலோ அது அடுத்த அழுத்தத்துக்குத் தாவிவிடும். ஒவ்வொரு படியிலும் கடைசி ஹெட் மட்டும் கோப்பில் பதிவாகும். இரவு ஓடவிட்டுப் போனால் காலையில் வளைகோடு தயாராக இருக்கும். ஆவி எவ்வளவு, எங்கே, நின்றுவிட்டதா, வளர்கிறதா என்று பார்க்க அந்தக் கோப்பில் எதுவுமே இல்லை.

ஓடும்போதே கண்காணித்தது

ஸ்கிரிப்டைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு சுழற்சியிலும் பின்வருபவை எழுதப்படும்படி அமைத்தோம்: ஹெட், தண்டின் முறுக்குவிசை, இம்பெல்லருக்குள் உள்ள மொத்த ஆவியின் கன அளவு, அதே அளவு ஆறு கால்வாய்களுக்கும் தனித்தனியாக, உள்ளே வரும் நீருக்கும் வெளியே போகும் நீருக்கும் உள்ள நிறை வித்தியாசம், பிளேடுகளின் உறிஞ்சு முகத்தில் (அழுத்தம் குறைந்த பக்கத்தில்) ஆவிப் பங்கு பத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கும் பரப்பு.

மிகக் குறைந்த அழுத்தத்தையும் கண்காணிக்கலாம் என்று பொறியாளர் சொன்னார். எழுதவிட்டோம், ஆனால் அதை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். ஆவி இல்லாத ஓட்டத்தில் நுழைவு விளிம்பில் உள்ள ஒரே ஒரு கட்டம் பூஜ்யத்துக்குக் கீழே பல பத்தாயிரம் பாஸ்கல் காட்டும். மெஷ்ஷை நுணுக்கினால் இன்னும் கீழே போகும். அது பம்பைப் பற்றிச் சொல்வதைவிட மெஷ்ஷைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

அடுத்த படிக்குத் தாவும் விதியையும் மாற்றினோம். கடந்த 300 சுழற்சிகளில் மொத்த ஆவியின் கன அளவு 1 சதவீதத்துக்கும் குறைவாக மாறியிருந்தால் மட்டுமே தாவ வேண்டும். படியின் உயரம் 5 மீட்டர் வரை அரை மீட்டர். அதற்குக் கீழே 0.1 மீட்டர்.

மறு ஓட்டம் காட்டியது

7 மீட்டருக்குச் சற்று மேலே முதல் ஆவி தோன்றியது. பிளேடின் நுழைவு விளிம்பில், இம்பெல்லரின் மூடுதட்டுப் பக்கமாக, நகக்கீறல் அகலத்தில். 6 மீட்டரில் ஆறு பிளேடுகளிலும் தெளிவாகத் தெரிந்தது. ஸ்குரூடிரைவரில் கேட்டதும் அதே இடம். ஹெட் அப்போது அசையவே இல்லை.

பழைய ஓட்டத்தின் கோளாறு 3.4 மீட்டர் படியில் வெளிப்பட்டது. முதல் 400 சுழற்சிகளில் ஹெட் 0.8 சதவீதம் இறங்கி ஏறக்குறைய கிடைக்கோடாக நின்றது. ரெசிடுவலும் கீழே கிடந்தது. பழைய விதிப்படி இங்கே படி முடிந்திருக்கும். ஆனால் ஆவியின் கன அளவு அந்த நேரத்தில் 9 கன செ.மீ. இருந்து, விடாமல் ஏறிக்கொண்டிருந்தது. தொடர்ந்து ஓடவிட்டோம். சுமார் 2,000 சுழற்சிகளில் அது 17 கன செ.மீட்டரில் நின்றது. ஹெட் இறக்கம் அதற்குள் 1.9 சதவீதமாகியிருந்தது.

ரெசிடுவல் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அது களம் முழுவதற்குமான கூட்டுத்தொகை. ஆவி இருப்பதோ நூற்றில் ஒன்றிரண்டு கட்டங்களில். அதோடு ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையிலிருந்து தொடங்குவதால் ரெசிடுவல் ஆரம்பத்திலேயே தாழ்ந்து கிடக்கிறது. ஹெட் ஏன் தாமதித்தது? ஆவிப் பை நீண்டு, அடுத்த பிளேடோடு சேர்ந்து உண்டாக்கும் தொண்டையை எட்டும்வரை, பிளேடு செய்யும் வேலை பெரிதாகக் குறைவதில்லை. தொண்டையை எட்டியபின் கால்வாய் அடைபடுகிறது, ஹெட் சரிகிறது. பை அந்தத் தூரத்தைக் கடக்கும் முன்பே பழைய ஸ்கிரிப்ட் அழுத்தத்தை இறக்கிவிட்டது. எனவே ஒவ்வொரு படியின் ஹெட்டும், அதற்கு மேலே உள்ள படிகளின் ஆவியைக்கொண்டு கணக்கிடப்பட்டதாக ஆகிவிட்டது. அந்த வளைகோடு நிஜத்தைவிட அழகாக இருந்ததற்கு இதுவே காரணம்.

புதிய விதிப்படி 3 சதவீத இறக்கம் 3.15 மீட்டரில் வந்தது. 0.7 மீட்டர் வித்தியாசத்தில் 0.25 இங்கேயே தீர்ந்தது. வடிவத்தையோ இயற்பியல் மாதிரியையோ யாரும் தொடவில்லை.

கால்வாய்களைத் தனித்தனியே பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. வால்யூட்டின் நாக்கை (வெளியேற்று வாய் பிரியும் முனையை) ஒட்டி நின்ற கால்வாயில் மட்டும் மொத்த ஆவியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தது. இம்பெல்லரை ஒரே நிலையில் உறையவைத்துக் கணக்கிடும் முறையில் இது எதிர்பார்க்கக்கூடியதே. பம்பில் அந்தக் கால்வாய் கணத்துக்குக் கணம் மாறும். இதைச் சரிபார்க்க 3.5 மீட்டரில் மட்டும் இம்பெல்லரை நிஜமாகவே சுழலவிட்டு ஓட்டினோம்: நேரப் படிக்கு ஒரு டிகிரி, அதாவது சுமார் 57 மைக்ரோவிநாடி. ஒவ்வொரு கால்வாயின் ஆவியும் நாக்கைக் கடக்கும்போது வீங்கி, பின் சுருங்கியது. சராசரி ஹெட், உறையவைத்த கணக்கை ஒட்டியே இருந்தது. ஆகவே மற்றப் படிகளுக்கு மலிவான முறையையே வைத்துக்கொண்டோம்.

கெழுக்களைத் திருகலாமா?

மீதி 0.45 மீட்டருக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. ஸ்வார்ட் மாதிரியில் ஆவியாதலுக்கு 50, நீராகச் சுருங்குவதற்கு 0.01 என்று இரண்டு கெழுக்கள் வழக்கத்தில் உள்ளன. இவற்றை 300 என்றும் 0.03 என்றும் மாற்றிப் பயன்படுத்திய ஆய்வுகளும் உண்டு. இப்படிச் செய்து சோதனையோடு பொருத்திவிடலாம் என்று பொறியாளர் முன்வைத்தார்.

முதன்மை வடிவமைப்பாளர் ஒப்பவில்லை; நானும் ஒப்பவில்லை. கணிப்பில் இருப்பது வரைபடத்தின் இம்பெல்லர். சோதனை மேடையில் இருப்பது வார்ப்பின் இம்பெல்லர். இரண்டும் ஒன்றுதானா என்று தெரியாமல் கெழுவைத் திருகினால், வார்ப்பின் குறையை இயற்பியலின் பெயரில் எழுதிவைத்ததாகிவிடும். அடுத்த பம்புக்கு அந்தக் கெழு தவறான வழியைக் காட்டும்.

கசிவும் வார்ப்பும்

கணிப்பில் வேர் ரிங் (சுழலும் இம்பெல்லருக்கும் கேசிங்குக்கும் இடையே உள்ள தேய்மான வளையம்) இடைவெளி மூடப்பட்டிருந்தது. நிஜத்தில் வெளியேற்றுப் பக்கத்திலிருந்து அந்த இடைவெளி வழியே தண்ணீர் உறிஞ்சு பக்கத்துக்குத் திரும்புகிறது. வெளியே 100 கன மீட்டர் போக வேண்டுமானால் இம்பெல்லருக்குள் அதைவிட அதிகம் போயாக வேண்டும். இடைவெளியை மாதிரியில் சேர்த்தபோது கசிவு சுமார் 4 சதவீதமாக வந்தது, என்.பி.எஸ்.எச். 3.15-இலிருந்து 3.25 ஆனது.

பெரிய பங்கு வார்ப்பில் இருந்தது. சோதனையில் ஓடிய இம்பெல்லரைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். வரைபடத்தில் நுழைவு விளிம்பு 2 மி.மீ. தடிமனில் நீள்வட்டமாக முடிகிறது. கையில் இருந்ததில் 3.2 முதல் 3.6 மி.மீ. வரை, முனை மழுங்கி, ஒரு பிளேடில் பார்ட்டிங் லைனின் (அச்சின் இரு பாதிகள் சேரும் கோட்டின்) பிசிறும் விளிம்போடு சேர்ந்திருந்தது. விரலால் தடவினாலே தெரிந்தது. மணல் வார்ப்பில் இது அதிசயமல்ல. மெல்லிய விளிம்பில் உலோகம் சரியாக ஓடாது என்பதால் ஃபவுண்டரிகள் தாமாகவே கொஞ்சம் தடிப்பாக்குவது உண்டு. ஸ்கேன் செய்த விளிம்பை மாதிரியில் வைத்து ஓட்டினோம். மழுங்கிய முனையைச் சுற்றி நீர் திரும்பும் இடத்தில் ஆவி முன்பைவிடச் சீக்கிரமே தோன்றியது, தொண்டையும் குறுகியிருந்தது. 3 சதவீத இறக்கம் 3.5 மீட்டரில் வந்தது.

சோதனை 3.6, கணிப்பு 3.5. மீதி 0.1-ஐத் துரத்த வேண்டாம் என்று முடிவு செய்தோம். அழுத்தமானி, ஓட்டமானி ஆகியவற்றின் பிழையே அந்த அளவுக்கு வரும்.

எடுத்த முடிவுகளும் விளைவும்

நுழைவு விளிம்புகளை டெம்ப்ளேட் வைத்து அரத்தால் தீட்டி நீள்வட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். மறு சோதனையில் 3.3 மீட்டர். உறுதி கொடுத்த 3.2-ஐவிட இன்னும் 0.1 அதிகம். அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும் என்று சொல்லித் தாளில் நிறைவேற்றிவிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், முழு வளைகோட்டையும் 6 மீட்டரில் கேட்ட சத்தத்தையும் சேர்த்து வாடிக்கையாளரிடம் கொடுப்பதென்று நிர்வாகம் தீர்மானித்தது. காரணம் எளிது: பிரச்சினை 3.3-ஆ 3.2-ஆ என்பதில் இல்லை. தளத்தில் என்ன கிடைக்கும் என்பதில்தான் இருந்தது.

தளத்தின் கணக்கை அங்கேயே போட்டுப் பார்த்தோம். கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டரையொட்டிய உயரத்தில் வளிமண்டலம் தருவது சுமார் 9.9 மீட்டர். 30 டிகிரித் தண்ணீரின் ஆவி அழுத்தம் 0.44 மீட்டர். உறிஞ்சும் உயரம் 3.5. ஃபுட் வால்வு (குழாயின் அடிமுனை வால்வு), வளைவு, 100 மி.மீ. குழாய் எல்லாம் சேர்ந்து இழப்பு 2.0. மிஞ்சுவது 4 மீட்டருக்குச் சற்றே குறைவு. பம்ப் நின்றுவிடாமல் ஓடும். ஆனால் கணிப்பின்படி அந்த இடத்தில் ஆவி தாராளமாக இருக்கிறது. இரைச்சலும் அரிப்பும் நிச்சயம்.

100 மி.மீ. குழாயில் நீரின் வேகம் விநாடிக்கு 3.5 மீட்டர். இதை 125 மி.மீ. ஆக்கினால் வேகம் 2.3-ஆகக் குறையும், இழப்பு 2.0-இலிருந்து 0.8-ஐ ஒட்டி வந்துவிடும். கிடைக்கும் என்.பி.எஸ்.எச். 5 மீட்டரைத் தாண்டும். கணினியில் வாரக்கணக்கில் பத்தில் ஒரு மீட்டர்களுக்குப் போராடியவர்கள், குழாயை ஒரு அளவு பெரிதாக்கி 1.2 மீட்டர் பெற்றோம் என்பதை இங்கே பதிவு செய்யத்தான் வேண்டும். வாடிக்கையாளர் குழாயை மாற்ற ஒப்புக்கொண்டார். பம்பின் வாயில் மையம் விலகிய ரெடியூசரை (அகலக் குழாயைச் சிறிய வாயோடு இணைக்கும் துண்டை), தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி பொருத்தச் சொன்னோம். இல்லாவிட்டால் மேல்புறத்தில் காற்று தங்கும். 5 மீட்டரிலும் ஆவி முழுவதுமாகப் போய்விடவில்லை என்பதால், வார்ப்பிரும்புக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு இம்பெல்லர் அனுப்பப்பட்டது.

பம்ப் தளத்தில் ஓடத் தொடங்கியபின் ஃபோர்மேனே நேரில் போய்க் கேட்டார். சத்தம் இருக்கிறது, ஆனால் சோதனைக் கூடத்தில் கேட்டதில் சிறு பங்குதான் என்று எழுதிக் கொடுத்தார். கோடைக்குப் பிறகு கேசிங்கைத் திறந்து பார்த்தபோது, இரண்டு பிளேடுகளின் உறிஞ்சு முகத்தில் பளபளப்பு மங்கிய சிறு பட்டைகள் இருந்தன. குழிகள் இல்லை.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

தொழிற்சாலையில் இப்போது ரெசிடுவலை மட்டும் பார்த்து எந்த கேவிட்டேஷன் ஓட்டமும் நிறுத்தப்படுவதில்லை. ஆவியின் கன அளவு நிலைக்கு வரும்வரை படி முடிந்ததாகக் கொள்வதில்லை. ஓடும் நேரம் மூன்று நான்கு மடங்காகியிருக்கிறது. இதற்கு முணுமுணுப்பு உண்டு. வளைகோடு திரும்பும் பகுதிக்கு மட்டும் நீண்ட ஓட்டம், மேலே குறுகிய ஓட்டம் என்று சமாளிக்கிறார்கள். வேர் ரிங் இடைவெளி எல்லா மாதிரிகளிலும் இருக்கிறது. கணிப்பு அறிக்கையின் முதல் பக்கத்தில் உறிஞ்சு தன்வேகம் எழுதப்படுகிறது. சோதனைத் தாளில் 'சத்தம் தொடங்கிய இடம்' என்று ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது.

ஃபவுண்டரியோடு பேசியது பாதியில்தான் நிற்கிறது. விளிம்பின் தடிமனுக்கு எல்லை வைத்தால் கழிவு கூடும், விலை கூடும் என்கிறார்கள். இப்போதைக்கு உறிஞ்சு திறன் முக்கியமான ஆர்டர்களில் மட்டும் விளிம்பை அரத்தால் தீட்டுகிறார்கள். மற்றவற்றில் தடித்த விளிம்பையே கணிப்பில் வைத்து ஓட்டுகிறார்கள். இரண்டாவது எனக்குப் பிடித்த ஏற்பாடு: கிடைக்கப்போகும் வார்ப்புக்குத்தானே கணிப்பு வேண்டும்?

அரிப்பைப் பற்றி இந்தக் கண்காணிப்பு நேரடியாக எதுவும் சொல்வதில்லை. ஆவி இருக்கும் இடம் வேறு, குமிழ் நொறுங்கும் இடம் வேறு. சேதம் பின்னதில், ஆவிப் பை மூடும் விளிம்புக்கு அப்பால். தளத்தில் மங்கிய அந்த இரண்டு பட்டைகளும் கணிப்பில் பை முடிந்த இடத்துக்குச் சற்று அப்பால் இருந்தன. அடுத்த வடிவமைப்பில் பிளேடுகளுக்கு மென்மையான பெயின்ட் பூசிச் சில மணி நேரம் ஓட்டி, பெயின்ட் உரியும் இடத்தை ஆவிப் பையின் படத்தோடு வைத்துப் பார்க்க ஏற்பாடு நடக்கிறது.